கிராபிக்ஸ் கார்டைக் காயமில்லாமல் கழற்றி வாரண்டிக்கு அனுப்புவது

செங்கோட்டையிலிருந்து மேற்கே புளியரை ஏறி, கோட்டைவாசல் தாண்டினால் கேரளம். கிழக்கே தென்காசி, அதற்கப்பால் திருநெல்வேலி. இந்த வட்டாரத்து வீடுகளில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு திருநெல்வேலியில் வாங்கியதாக இருக்கும், திருவனந்தபுரத்தில் வாங்கியதாக இருக்கும், ஆன்லைனில் வந்திருக்கும், இல்லையென்றால் துபாயிலிருந்து மச்சான் பெட்டியில் வந்திருக்கும். எப்படி வந்ததானாலும் பழுதானால் வழி ஒன்றுதான்: கழற்றி, பெட்டியில் வைத்து, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே சர்வீஸ் சென்டரில் கார்டை மேசையில் வைப்பவர் கரண்ட் கொடுப்பதற்கு முன்பு கண்ணால் பார்ப்பார். சீரியல் எண் ஸ்டிக்கர் ஒழுங்காக இருக்கிறதா, போர்டு வளைந்திருக்கிறதா, கருகல் உண்டா, துரு உண்டா, விளிம்பில் கீறல் உண்டா என்று தேடுவார். ஒன்று சிக்கினாலும் ‘வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட முடியும். உள்ளே மெமரி சிப் தானாகவே செத்திருந்தாலும் இதே கதைதான். அதனால் கழற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் கை நிதானமாக இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், பழுது கார்டில்தானா என்று உறுதி செய்யுங்கள். நல்ல கார்டை அனுப்பினால் ‘குறை எதுவும் இல்லை’ என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும். கூரியர் செலவு நம் தலையில். திரையில் கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே கோடுகள் தெரிந்தால், படம் உருவாகும் இடத்திலேயே கோளாறு. கார்டின் சிப்பையோ மெமரியையோ சந்தேகப்படலாம். போனில் படம் சுத்தமாக இருந்தால் கேபிள், போர்ட், மானிட்டர் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் வரும் பயாஸ் திரையிலேயே கோடு தெரிகிறது என்றால் விண்டோஸையோ, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ குறை சொல்ல இடமில்லை. டெஸ்க்டாப் வந்த பிறகு மட்டும் தொல்லை என்றால், விண்டோஸின் சேஃப் மோடில் போய் டிரைவரை டிடியு (DDU) என்ற நீக்கும் கருவி கொண்டு முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘கோட் 43’ என்ற பிழை காட்டினாலும் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் மொத்தமும் பட்டென்று அணைந்து தானே எழுந்தால், உள்ளே கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால் அது கரண்ட் அறுந்ததைச் சொல்கிறது. யார் அறுத்தார்கள் என்று சொல்வதில்லை. டிஸ்ப்ளே 4101 என்று இருந்தால் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று பொருள். இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனை, கார்டை ஒருமுறை, கீழே சொல்லும் முறைப்படி, கழற்றி மறுபடி மாட்டுவது. இந்தச் சாரல் ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதில்லை. கார்டின் அடியிலுள்ள தங்க முலாம் பூசிய பற்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து படலம் கட்டும். டிஸ்ப்ளே வராமல் போக அதுவே போதும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு, பற்களின் நீளவாக்கில், மேலிருந்து கீழாகத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். மெடிக்கல் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். பள்ளிப்பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். சொரசொரப்பான ரப்பர் முலாமைச் சுரண்டிவிடும், துகள், மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட்டுக்குள் விழும். வாரண்டிக்குப் போக வேண்டிய கார்டில் அந்த வேலையே ஆகாது.

முடிந்தால் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே இருக்கும் எஸ்எம்பிஎஸ் கார்டுக்குத் தாங்க வேண்டும். ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் கேபிளில் 75 வாட், 8 பின்னில் 150 வாட் என்பது கணக்கு. கேபிளைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், அதனுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். கார்டில் சொருகும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த ஒயர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கம்பெனி கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்ததும் எரித்துவிடும். இருந்த உயிரையும் அங்கே இழக்க வேண்டாம்.

பழுது உறுதியானதும், அனுப்புவதற்காகக் கழற்றுமுன்பே சாட்சி சேர்த்துக்கொள்ள வேண்டும். கோளாறு தெரியும்படி ஒரு நிமிட வீடியோ. கார்டில் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் இருக்கும் சீரியல் எண், பில்லில் எழுதியிருக்கும் எண்: மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் சீரியல் எண் இல்லையென்றால் கடைக்காரரிடம் இப்போதே எழுதி சீல் வைத்து வாங்குங்கள். கேரளத்துக் கடை பில் தமிழ்நாட்டில் செல்லுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கடையில் நேரில் வாங்கியிருந்தால் பில்லில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரிந்திருக்கும். ஆன்லைனில் வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக இருக்கும். இரண்டும் முறையான பில்தான். வாரண்டிக்கு மாநில எல்லை தடையில்லை. நாட்டு எல்லைதான் தடை. துபாய்க் கடையில் வாங்கிய கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்குமா என்பது பிராண்டைப் பொறுத்தது. பல பிராண்டுகள் வாங்கிய நாட்டில் மட்டுமே பார்ப்பார்கள். சீரியல் எண்ணைக் கொடுத்து முதலில் கேட்டுவிடுங்கள். அடுத்த லீவுக்குப் போகும் மச்சான் கையில் கொடுத்தனுப்புவதுதான் வழி என்றாலும் அது இப்போதே தெரிந்தாக வேண்டும்.

புகார் பதிந்து, திருப்பி அனுப்பக் கம்பெனி தரும் அனுமதி எண்ணான ஆர்எம்ஏ எண் வாங்காமல் எதையும் அனுப்பக்கூடாது. எண் இல்லாத பெட்டி கிடங்கு மூலையில் கிடக்கும்.

இனி கழற்றும் வேலை. பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினட்டின் இரும்பில் புறங்கையை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் சிறியதுதான். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கினாலும் சொருகினாலும், மறுமுனையில் இருக்கும் டிவி, கேபிள் கனெக்ஷன் ஒயர் வழியாக எர்த் ஆகியிருந்தால், அந்தக் கசிவு கேபிளின் மெல்லிய பின்கள் வழியாகப் பாயும். கார்டின் போர்ட் போகும், டிவியின் போர்ட்டும் போகும். கார்டுகள் சாக இதுவும் ஒரு காரணம். ஆகவே வரிசை முக்கியம்: ஷட் டவுன், எஸ்எம்பிஎஸ் பின்புற சுவிட்சை அணைப்பது, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது, அதன் பிறகே மானிட்டர் கேபிள்.

பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். மதர்போர்டின் சின்ன விளக்கு அணைந்துவிட்டதா பாருங்கள். கேம் ஆடி முடித்த கையோடு திறந்தால் கார்டு கொதிக்கும், கால் மணி நேரம் விடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் என்றால் பிளக்கின் மேல் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் இழுப்பவர்கள் அதிகம். உள்ளே இரண்டு சின்னக் கொக்கிகள் பிடித்திருக்கும், போர்ட்டின் தகடு வளைந்து வரும். சர்வீஸ் மேசையில் முதலில் கண்ணில் படுவது அந்த வளைவுதான்.

கேபினட்டைப் படுக்க வையுங்கள், மதர்போர்டு தரைக்கு இணையாக வரும்படி. நிமிர்ந்த கேபினட்டில் கார்டு பக்கவாட்டில் தொங்குகிறது. இன்றைய பெரிய கார்டுகள் ஒன்றரை, இரண்டு கிலோ. ஸ்க்ரூவைக் கழற்றிய நொடியில் அத்தனை எடையும் ஸ்லாட்டின் பிளாஸ்டிக்கில் விழும். படுக்க வைத்தால் கார்டு நேராக நிற்கும், எடை ஸ்லாட்டுக்குள்ளேயே இறங்கும். கண்ணாடிப் பக்கக் கதவைத் துணி விரித்த கட்டிலில் வையுங்கள். டைல்ஸ் தரையில் அதன் விளிம்பு லேசாகத் தட்டினாலும் டெம்பர்டு கண்ணாடி முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

கார்டைத் தொடுமுன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை வெறுங்கையால் தொட்டு, வேலை முடியும் வரை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் நமக்குச் ‘சுளீர்’ என்று உறைக்கும். சிப்புகள் அதற்கும் கீழேயே கெடும். சாரல் காலத்தில் இந்த ஆபத்து குறைவு. பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது கவனம் வேண்டும். பாலியஸ்டர் சட்டை, கம்பளி விரிப்பு, பிளாஸ்டிக் நாற்காலி மூன்றும் அந்த நேரத்துக்கு வேண்டாம். பருத்திச் சட்டை போதும்.

பவர் கேபிளின் முனையில் ஒரு கிளிப் உண்டு. கட்டை விரலால் அதன் தலையை அழுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் முனையை மட்டும் பிடித்து நேராக இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் பின் பிளாஸ்டிக்கை விட்டுப் பின்வாங்கும்; அடுத்து மாட்டும்போது சரியாகத் தொடாமல் சூடாகும். புதிய 16 பின் கேபிள் 600 வாட் வரை சுமக்கக் கூடியது. முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாக இருந்து உருகிய சம்பவங்கள் நிறைய. கழற்றியதும் அதன் முனையைப் பாருங்கள். பழுப்பு நிறமோ உருகலோ தெரிந்தால் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள். கேபிள் முனையையும் கார்டின் முனையையும் சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள், புகாரிலும் எழுதுங்கள். மறைத்து அனுப்பி அவர்கள் கண்டுபிடிப்பதைவிட முதலிலேயே சொல்லி அனுப்புவது நல்லது.

பிறகு பின்பக்கம், போர்ட்கள் இருக்கும் தகடான பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், பெரிய கார்டில் இரண்டோ மூன்றோ. தாங்குக் கம்பி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ மதர்போர்டின் மேல் விழுந்தால் காந்த முனை திருப்புளியால் எடுங்கள். கேபினட்டைக் குலுக்க வேண்டாம்.

இப்போது, கார்டை ஸ்லாட்டில் பிடித்திருக்கும் லாக். ஸ்லாட்டின் மறுகோடியில், பிராக்கெட்டுக்கு எதிர்ப்புறம், விரல் நகம் அளவு பிளாஸ்டிக் கொக்கி. கார்டின் போர்டில் அடிப்பக்கம் ‘ட’ வடிவில் வெட்டிய ஒரு பல் இருக்கும். அதற்குள் இந்தக் கொக்கி புகுந்து பிடித்திருக்கும். சிலவற்றில் கீழே அழுத்த வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும், சில புதிய போர்டுகளில் எட்டத்தில் ஒரு பட்டன் வைத்து உதவியிருக்கிறார்கள். உங்களுடையது எந்த வகை என்று மதர்போர்டின் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தொடுங்கள். சிக்கல் என்னவென்றால், தடித்த கார்டு அந்தக் கொக்கியின் மேலேயே கவிழ்ந்து மறைத்திருக்கும். இந்தப் பக்கம் ப்ராசஸர் கூலர், அந்தப் பக்கம் ஹீட்சிங்க், நடுவில் விரல் போகாது. இங்கே பலரும் திருப்புளியை நுழைப்பார்கள். அது வழுக்கினால் மதர்போர்டின் தடங்களில் ஒரு நீளக் கோடு விழும். கார்டு வாரண்டிக்குப் போகும்போது மதர்போர்டும் கூடவே போகும், அதுவும் வாரண்டி இல்லாமல். குச்சி ஐஸின் மரக்குச்சி இதற்கு அளவெடுத்தது போல இருக்கும். தட்டை, மழுங்கல், கரண்ட் கடத்தாது. போன் டார்ச்சை அடித்து, குச்சியின் நுனியைக் கொக்கியின் காது மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தம் வரும். கார்டின் வால்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தானாக எழும்பும். அந்த எழும்பலைக் கண்ணால் பார்க்கும் வரை இழுக்கக்கூடாது. கொக்கி பிடித்திருக்கும்போது இழுத்தால் அந்த ‘ட’ வடிவப் பல் முறியும், அல்லது ஸ்லாட்டே போர்டிலிருந்து எழும். கொக்கி உடைந்தால்கூட ஸ்லாட் வேலை செய்யும்; பல் முறிந்தால் கார்டின் வாரண்டி அங்கேயே முடிந்தது.

லாக் விட்டபின் ஒரு கை பிராக்கெட் பக்கம், மறு கை வால் பக்கம். ஃபேன் இறக்கையைப் பிடிக்காதீர்கள். நேராக மேலே தூக்குங்கள். இறுக்கமாக இருந்தால் நீளவாக்கில், தாலாட்டுவது போல முன்னும் பின்னும் ஒரு துளி அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டவே கூடாது, 164 பின்களும் அந்தப் பக்கம்தான் வளையும். பிராக்கெட்டின் கீழ்முனை கேபினட் தகட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே சொருகியிருக்கும்; ‘வந்துவிட்டது’ என்று சாய்த்து இழுத்தால் அது மாட்டிக்கொண்டு பிராக்கெட் வளையும்.

வெளியே எடுத்ததும் நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். முக்கியமாக அந்தப் பல்லின் மூலையை. எடையால் மாதக்கணக்கில் தொங்கிய கார்டுகளில் மயிரிழை விரிசல் விழும் இடம் அதுதான். கார்டோடு கம்ப்யூட்டரை பஸ்ஸிலோ காரிலோ மலைப்பாதையில் கொண்டுபோனவர்களுக்கும் இதே இடத்தில்தான் விழும். வெண்மையான திட்டு, பச்சைக் களிம்பு, பல்லி எச்சம், எறும்புக் கூடு எல்லாவற்றையும் தேடுங்கள். மலையடிவார வீடுகளில் கேபினட் உள்ளே இவை குடியேறுவது சகஜம். தூசியை மென்மையான பிரஷ்ஷாலும் கையால் அமுக்கும் ஊதியாலும் தட்டலாம். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் மாற்றுவது, கூலரைக் கழற்றுவது இரண்டும் வேண்டாம். ஸ்க்ரூவின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் நகம்கூடப் படக்கூடாது. சீரியல் எண் ஸ்டிக்கரில் ஆல்கஹால் பட்டால் அச்சு கரையும். டேப் ஒட்டினால் பிரிக்கும்போது உரியும். எண் படிக்க முடியாத கார்டை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். முன்புறம், பின்புறம், பற்கள், போர்ட்கள், பவர் முனை, சீரியல் எண் என்று ஆறு படம் எடுங்கள். அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் தேதிக்கும் சாட்சி ஆயிற்று.

கார்டில் நம் சொந்தத் தகவல் ஏதாவது இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அதன் மெமரி கரண்ட் போனதும் காலியாகிவிடும்.

பேக்கிங்கில் நம் பக்கத்துக்கென்று ஒரு தனித் தவறு இருக்கிறது. கையில் கிடைத்த பழப்பெட்டியில், புளியங்குடி எலுமிச்சை வந்த அட்டையிலோ நேந்திரன் வந்த அட்டையிலோ வைக்கோலைத் திணித்து அனுப்புவது. பழப்பெட்டி ஏற்கெனவே ஈரம் குடித்து பலம் இழந்தது. வைக்கோலும் ஈரம் பிடிக்கும், தூசும் உதிர்க்கும். தெர்மாக்கோல் உருண்டைகளும் கூடாது. கார்டோடு உரசினால் நிலைமின்சாரம் ஏறும். முதலில் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஆன்டிஸ்டாட்டிக் பை. வாங்கியபோது வந்தது இல்லையென்றால் கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் மதர்போர்டு வந்த பை ஒன்று கிடைக்கும். போர்ட்களுக்கும் பற்களுக்கும் பிளாஸ்டிக் மூடி இருந்தால் மாட்டுங்கள். பைக்கு வெளியே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், சாரல் காலமானால் நான்கு. அதன் பிறகு இரண்டு சுற்று பபிள் ராப், பிறகு ஒரிஜினல் பெட்டி. அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பாதீர்கள். மேலே இருக்கும் படமே உள்ளே விலையுயர்ந்த பொருள் என்று ஊருக்குச் சொல்லும். கூரியர் ஸ்டிக்கர் ஒட்டினால் பெட்டியும் பாழ். எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கசக்கிய செய்தித்தாளை இறுக்கமாகத் திணியுங்கள். மூடிவிட்டு ஆட்டிப் பாருங்கள். உள்ளே அசைவு இருந்தால் பிரித்து மறுபடி. பேக் செய்வதை ஆரம்பம் முதல் டேப் ஒட்டி முடிக்கும் வரை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும்.

பெட்டிக்குள் பில் நகல், ஆர்எம்ஏ எண், கோளாறு பற்றி நான்கு வரி. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்பார்கள். ‘ஆன் செய்து இருபது நிமிடத்தில், சூடு 75 டிகிரி தாண்டியதும் பச்சைக் கட்டங்கள் வருகின்றன, இரண்டு கேபிள், இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்தாயிற்று’ என்பது போல எழுதினால் அதே நிலையை அவர்களும் உண்டாக்கிப் பார்க்க முடியும். கேபிள், அடாப்டர் எதையும் கேட்டாலொழிய அனுப்ப வேண்டாம். கொச்சிக்கோ வேறு மாநிலத்துக்கோ போகிறதென்றால் ‘விற்பனைக்கல்ல, வாரண்டி பழுதுக்காக’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வெளியே ஒரு நகல் ஒட்டுங்கள். மதிப்பைக் குறைத்துப் போட்டால் கூரியர் செலவில் கொஞ்சம் மிஞ்சும். தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

கார்டு இல்லாத நாட்களில் கம்ப்யூட்டர் ஓடுமா என்பது ப்ராசஸரைப் பொறுத்தது. இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-இல் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. உள்ளவர்கள் மானிட்டர் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் மாற்றினால் போதும். காலி ஸ்லாட்டைத் தூசி படாமல் மூடி, தொங்கும் பவர் கேபிளை ஃபேனில் சிக்காதபடி கட்டி வையுங்கள்.

நியாயமில்லாமல் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அவர்கள் எடுத்த படத்தையும் கேளுங்கள். நீங்கள் அனுப்புமுன் எடுத்த ஆறு படங்களும் பேக்கிங் வீடியோவும் அப்போதுதான் பேசும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதியலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார்டைத் திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மலை தாண்டிப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

மாற்றுக் கார்டு வந்ததும் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். புதிய சீரியல் எண் பழையதோடு ஒத்துப்போகாது. அதனால் அதைச் சர்வீஸ் ரசீதில் எழுதி வாங்கி, பழைய பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பெரும்பாலும் வாரண்டி புதிதாகத் தொடங்காது, பழைய தேதியிலிருந்து மிச்சம் இருப்பதுதான். மழை நாளில் வந்த பெட்டி என்றால், பிரித்த கார்டை ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டுங்கள். லாக் ‘டக்’ என்று விழும் வரை அழுத்தி, ஸ்க்ரூவைப் போட்டு, பவர் கேபிள் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மானிட்டர் கேபிளையும் மாட்டிய பிறகு கடைசியாகச் சுவர் பிளக்.